விவசாயியின் மனத்தை அளக்கும் ஆய்வுகள்

காலநிலைக்கு இசைவான பீடை முகாமைத்துவத்தை விவசாயி ஏன் ஏற்கிறார், ஏன் தட்டிக்கழிக்கிறார் என்ற கேள்விக்கு இப்போது நல்ல மவுசு. உலக வங்கிக் கடனில் காலநிலைக்கு இசைவான நீர்ப்பாசன வேளாண்மைத் திட்டம் 2019இல் தொடங்கியதும் அந்த மவுசு இன்னும் கூடிவிட்டது. கிளிநொச்சியிலும் வந்தாறுமூலையிலும் பேராதனையிலும் இறுதியாண்டு மாணவர்கள் கேள்விக்கொத்துடன் வயலுக்குப் போகிறார்கள். ஆய்வேடுகளின் அமைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு பிரதேச செயலாளர் பிரிவு, நூறு இருநூறு விவசாயிகள், அவர்களின் வயது, படிப்பு, காணியின் அளவு, விவசாயப் போதனாசிரியரைக் கண்ட தடவைகள், மனப்பாங்கை அளக்க ஐந்து படி அளவுகோல். படித்தவர், பயிற்சி பெற்றவர், கமக்காரர் அமைப்பில் இருப்பவர் ஏற்கிறார் என்று முடிவு வரும். விழிப்புணர்வை அதிகரிக்க வேண்டும் என்று பரிந்துரை வரும்.

இந்த ஆய்வுகளால் பயன் இல்லை என்று சொல்லமாட்டேன். விவசாயியிடம் கேட்காமலே அவருக்குப் புத்தி சொன்ன காலம் ஒன்று இருந்தது. அதைவிட இது எவ்வளவோ மேல். பயிற்சி பலன் தருகிறது என்பதற்கும் சான்று உண்டு. இலங்கையின் வயற்பாடசாலைகளைப் பற்றி 2002இல் வெளிவந்த ஆய்வு, அங்கு பயின்ற நெல் விவசாயிகள் போகத்துக்கு 2.2 தடவை பூச்சிமருந்து அடித்தது 0.4 தடவையாக இறங்கியதைக் காட்டியது. விளைச்சல் குறையவில்லை, கூடியது. சிலந்தி எது, தத்தி எது, எது எதைத் தின்னும் என்று வரப்பில் நின்று கற்ற ஒருவரின் கை மருந்துப் போத்தலை நோக்கி அவசரப்பட்டுப் போவதில்லை. ஆனால் 2005இல் தென்மாகாணத்தைப் பற்றி வந்த இன்னொரு ஆய்வு, படித்தவரின் வயலில் இருந்து அந்த அறிவு பக்கத்து வயலுக்குப் பெரிதாகப் பரவவில்லை என்றது. பரவாததற்கு அண்டை வீட்டுக்காரரின் மனப்பாங்கைக் குறைசொல்வது சுலபம். என் நெடுநாள் மறுப்பு அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கிராமத்துக்குள் ஆளுக்கு ஆள் எது வேறுபடுகிறதோ, அதை மட்டுமே இந்த ஆய்வுமுறையால் காரணமாகக் காண முடியும். வயது வேறுபடும், படிப்பு வேறுபடும். ஆகவே அவை அட்டவணையில் ஏறும். எல்லோரும் ஒரே கடையில் கடனுக்கு மருந்து வாங்குகிறார்கள் என்றால், அந்தக் கடை கணக்கில் வராது. எல்லோரும் ஒரே வியாபாரிக்கு விற்றால், அவர் விலை வைக்கும் விதமும் வராது. சட்டமும் நீர் திறக்கும் நாளும் அப்படியே. எல்லோருக்கும் பொதுவாக இருப்பது எவ்வளவு வலுவாகப் பிடித்து இழுத்தாலும் சமன்பாட்டில் அதன் தடம் தெரியாது. மிஞ்சுவது விவசாயியின் தலைக்குள் இருப்பதாகச் சொல்லப்படும் குறைதான். சில கேள்விக்கொத்துகளில் 'தகவல் பெறும் வழி' என்றொரு வரி இருக்கும், அதில் கடைக்காரருக்கும் ஒரு கட்டம் இருக்கும் என்பது உண்மை. ஆனால் கடைக்காரர் சொல்வது வெறும் தகவலா?

மட்டக்களப்பு, அம்பாறை வயல்களில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். விதைத்து முப்பது நாளுக்குள் மடிச்சுக்கட்டிப் புழு தெரிகிறது. இலை சுருண்டு வெளுத்தால் கண்ணுக்கு அது பெரிய சேதம். இளம்பயிரோ பெரும்பாலும் அதிலிருந்து தானே மீண்டுவிடும். ஆனால் குத்தகைக் காணி, விதையும் உரமும் அறுவடைவரை கடன். கடைக்காரர் ஒரு போத்தலை எடுத்து வைக்கிறார், அதுவும் அதே கொப்பியில் ஏறுகிறது. அந்த மருந்து சிலந்தியையும் மற்ற இரைகௌவிகளையும் கொல்கிறது. பிறகு அறக்கொட்டி என்னும் கபிலத் தத்தி வரும்போது அதைத் தடுக்க வயலில் எதுவும் இல்லை, மறுபடி மருந்து. இந்தச் சங்கிலியில் விவசாயியின் அறியாமைக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் வேப்பங்கொட்டையைக் கடனுக்குக் கொடுக்க ஆள் இல்லை. வயலில் இறங்கித் தண்டின் அடியைப் பார்த்துத் தத்தியை எண்ணும் அரை நாளுக்குக் கூலி கொடுக்கவும் ஆள் இல்லை. 'அடிக்காதே' என்று சொன்னவர், பயிர் எரிந்துபோனால் பொறுப்பேற்கமாட்டார். போத்தலை விற்றவரோ அடுத்த போகத்துக்கும் அங்கேதான் இருப்பார்.

ஒரு காலத்தில் 'அடிக்காதே' என்று சொல்லவும் ஊரில் ஆள் இருந்தார். கிராம மட்டத்தில் வேலைசெய்த விரிவாக்க உத்தியோகத்தர்கள் சுமார் 2,400 பேர் 1990ஐ ஒட்டிக் கிராம உத்தியோகத்தர்களாக மாற்றப்பட்டார்கள். அதற்குச் சற்று முன்புதான் மாகாண சபைகள் வந்து விரிவாக்கச் சேவையை இரண்டாகப் பிளந்திருந்தன. அந்த வெற்றிடத்தைக் கடைதான் நிரப்பியது. போதனாசிரியரைக் கண்டவர் ஏற்கிறார், காணாதவர் ஏற்கவில்லை என்று இன்றைய ஆய்வு எழுதும்போது, காணாமல் இருந்தது யாருடைய முடிவு என்ற கேள்வி எழவேண்டாமா?

விவசாயியின் மனத்தைத் தொடாமலே பீடைக் கட்டுப்பாடு மாறிய வரலாறு நம்மிடம் உண்டு. 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் போன்ற கொடிய நஞ்சுகள் தடைசெய்யப்பட்டன. 1998இல் எண்டோசல்பானும் போனது. 1995இல் லட்சம் பேருக்கு 47 என்றிருந்த தற்கொலை விகிதம் பத்தாண்டுக்குள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. விளைச்சல் சரிந்ததா என்று பிறகு ஆராய்ந்தவர்கள், தடைகளால் அப்படியொரு சரிவு நேர்ந்ததற்கான அடையாளத்தைக் காணவில்லை. யாரும் எந்த விவசாயியின் மனப்பாங்கையும் ஐந்து படியில் அளக்கவில்லை. கடைத் தட்டில் இருந்தது மாறியது. பப்பாசி மாப்பூச்சி 2008இல் இங்கே கண்டறியப்பட்டபோதும் அதன் எதிரியான ஒட்டுண்ணிக் குளவியை விவசாயத் திணைக்களம் மறு ஆண்டே புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விட்டது. தமிழ்நாட்டில் 2010இல் அதே குளவி மரவள்ளியையும் மல்பெரியையும் காத்தது. குளவியை ஏற்கலாமா என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அதைக் கொல்லும் மருந்தை அடிக்காமல் இருந்தால் போதும். எரிபொருளும் வேண்டாம், எண்ணெயில் இருந்து வடித்த இரசாயனமும் வேண்டாம்; காலநிலைக்கு இதைவிட இசைவான வழி ஏது? இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடைசெய்தது, மூன்றாண்டில் பூச்சிமருந்து மானியத்தையும் முற்றாக நிறுத்தியது. அந்நாட்டு வயற்பாடசாலைகளின் புகழ் அந்த ஆணையின் முதுகில் ஏறி வந்தது. புகழைப் பாடுவோர் ஆணையை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

உடனே 2021ஐ என் முன்னே நீட்டுவார்கள். நியாயம்தான். அந்த ஆண்டு மே 6ஆம் திகதி அரசாங்கம் வர்த்தமானியால் இரசாயன உரம், பீடைநாசினி இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் பின்வாங்கியது. இடையில் எரிந்தது விவசாயியின் வயிறு. ஆனால் அந்தத் தோல்வி என் வாதத்துக்கு எதிரானது அல்ல. 1995இல் குறிப்பிட்ட சில நஞ்சுகள் போயின, மாற்று மருந்துகள் தட்டில் இருந்தன, பீடைநாசினிப் பதிவாளர் அலுவலகம் படிப்படியாக நடத்தியது. 2021இல் தட்டையே காலிசெய்துவிட்டு, இயற்கை வேளாண்மைக்கு மனத்தைத் திருப்பச் சொன்னார்கள். விழிப்புணர்வு நம்பிக்கையின் உச்சம் அதுதான்: மனம் மாறினால் பயிர் தானே விளையும் என்ற எண்ணம்.

நகரத்தில் இருக்கும் நாமும், ஆய்வின் கணக்கில் வராத அந்தப் பொதுக் காரணங்களில் ஒன்று. பொரளைச் சந்தையில் துளை விழுந்த கத்தரிக்காயை ஒதுக்கிவிட்டுப் பளபளப்பானதைத்தான் பொறுக்குகிறோம். தம்புள்ளை மொத்த வியாபாரிக்கு அது தெரியும், மரக்கறி செய்பவருக்கும் தெரியும். காய்துளைப்பான் உள்ளே போகுமுன் மருந்து படவேண்டும் என்று அறுவடைக்கு இரண்டு நாள் முன்பும் அடிப்பவர் நமக்காகத்தான் அடிக்கிறார். எந்த ஏற்பு ஆய்விலாவது கொழும்பு வாடிக்கையாளருக்கு ஐந்து படி அளவுகோல் வைத்ததுண்டா?

இன்னொன்று: பூச்சி வரப்பு பார்ப்பதில்லை. கேள்விக்கொத்தோ ஆள் ஆளாகத்தான் கேட்கிறது. ஒரு வயற்கண்டம் முழுவதும் ஒரே வாரத்தில் விதைத்தால் தத்திக்கு அடுத்தடுத்து இளம்பயிர் கிடைக்காது. ஒருவர் மட்டும் மருந்தை நிறுத்தினால் பயன் சிறிது, பயம் பெரிது. எல்லோரும் சேர்ந்து முடிவுசெய்யும் இடம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. போகத்துக்கு முன் கமநல, நீர்ப்பாசன உத்தியோகத்தர்களும் கலந்துகொள்ளும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில்தான் நீர் திறக்கும் நாளும் விதைக்கும் காலமும் தீர்மானமாகின்றன. வட்டவிதானையார் முதல் குத்தகைக்காரர் வரை அங்கே இருப்பார்கள். மருந்தைப் பற்றி அங்கே என்ன பேசப்பட்டது, யார் பேசினார், முடிவை யார் மீறினார் என்று குறித்துவைத்த ஆய்வேட்டைத் தேடித்தேடிப் பார்க்கிறேன்.

பொரளையில் இருந்து நடந்துபோகும் தூரத்தில், விஜேராம மாவத்தையில் ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்குள்ளவர்களிடமும் நம் விவசாய பீடங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த கேள்விக்கொத்தை ஒரே பிரிவில் இருநூறு பேரிடம் கொண்டுபோக வேண்டாம். கடன் முறை வேறுபடும், கடை வேறுபடும், கூட்ட முடிவு வேறுபடும் இருபது கிராமங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பேரிடம் கேளுங்கள். போகும் வழியில் மருந்துக்கடையில் இறங்கி, கடன் கொப்பியைப் பார்க்கலாமா என்றும் கேளுங்கள்.