வனெஸ்ஸா: ஒரு பெயரின் அர்த்தம்

குழந்தைகளுக்குப் பெயர் தேட உதவும் ஆங்கிலப் புத்தகங்களில் 'வனெஸ்ஸா' என்பதற்கு நேரே 'வண்ணத்துப்பூச்சி; கிரேக்கம்' என்று போட்டிருப்பது சகஜம். கிரேக்கத்தில் அப்படி ஒரு சொல் கிடையாது. பெயர் ஒரு கவிதைக்காகச் செய்யப்பட்டது. செய்தவர் ஜோனதன் ஸ்விஃப்ட். எஸ்தர் வான்ஹோம்ரி என்ற பெண்ணின் குடும்பப் பெயரிலிருந்து 'வான்'. எஸ்தரின் செல்லச் சுருக்கம் 'எஸ்ஸா'. இரண்டையும் ஒட்டினார், அவ்வளவுதான். அவள் தகப்பனார் டப்ளினில் மேயராக இருந்த டச்சு வியாபாரி. டச்சு மொழியில் 'வான்' என்பது 'இன்ன இடத்திலிருந்து' என்று மட்டுமே சொல்லும், ஏறக்குறைய நம் வேற்றுமை உருபு மாதிரி.

எஸ்தர் பக்கம் போனாலும் வேர் கைக்குச் சிக்குவதில்லை. பைபிளில் வரும் எஸ்தருக்கு ஹதஸ்ஸா என்று இன்னொரு பெயர். ஹீப்ரூவில் அது ஒரு செடி. எஸ்தரை நட்சத்திரம் என்னும் பாரசீகச் சொல் என்பார்கள். பாபிலோனியத் தேவதை இஷ்டார் என்பாரும் உண்டு.

பாத்திரத்தின் பெயரைப் பிரித்து, வேர்ச்சொல் கண்டு, அதையே படைப்பின் அர்த்தமாக நிறுவிவிடுகிற விமர்சனம் நம்மிடையேயும் நடக்கிறது. அந்த வழியில் போனால் இங்கே கிடைப்பது ஓர் உருபும் ஒரு நட்சத்திரமும்தான். அந்தப் பெண் கிடைக்க மாட்டாள்.

ஸ்விஃப்டின் வாழ்க்கையில் இன்னொரு எஸ்தரும் இருந்தாள், எஸ்தர் ஜான்சன். அவளுக்கு ஸ்டெல்லா என்று பெயர் வைத்தார். லத்தீனில் நட்சத்திரம், சிட்னியின் ஸானட்டுகள் 1591-ல் அச்சானதிலிருந்தே ஆங்கிலக் கவிதைக்குப் பழகிய காதலிப் பெயர். அர்த்தமும் மரபும் உள்ள பெயர் ஒருத்திக்கு. மற்றவளுக்கு வெறும் ஒலி. ஆனால் அந்த ஒலி அவளுடைய பெயரை உடைத்து எடுத்தது, வேறொருத்திக்குப் பொருந்தாது. இரண்டில் எது அதிக நெருக்கம்? எனக்கு வனெஸ்ஸா என்றுதான் படுகிறது. கவிதையில் தனக்கு அவர் வைத்துக்கொண்ட பெயரைப் பாருங்கள்: காடெனஸ். 'டீன்' என்பதற்கான லத்தீன் சொல் டெகானஸ். அதன் எழுத்துக்களை இடம் மாற்றியது. அவளுடைய பெயரை எடுத்துக்கொண்டவர் தன் பங்குக்குப் போட்டது தன் உத்தியோகத்தை. கவிதையின் சமத்காரமெல்லாம் தெரிந்தும், அதன் காதல் பாவனையை நான் முழுதாக நம்பாததற்கு இந்தத் தலைப்பே போதும்.

1723-ல் அவள் இறந்தாள். உயிலில் தத்துவஞானி பார்க்லியின் பெயர் இருந்தது, ஸ்விஃப்டின் பெயர் இல்லை. 1726-ல் கவிதை அச்சேறியது. அந்தரங்கப் பெயர் பொதுச்சொத்தானது.

வண்ணத்துப்பூச்சி இதற்கெல்லாம் பிறகு வந்தது. 1807-ல் ஃபப்ரீஷியஸ் என்ற டேனிஷ் பூச்சியியலாளர் ஓர் இனத்துக்கு அந்தப் பெயரை இட்டார். (நீலகிரியில் பறக்கும் ஒரு வகைக்குக்கூட சாஸ்திரப் பெயர் வனெஸ்ஸா இண்டிகா.) பூச்சிக்குப் பெண்ணின் பெயர் போக, பெயர்ப் புத்தகக்காரர்கள் அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். நபக்கோவ் வண்ணத்துப்பூச்சி ஆராய்ச்சியாளரும்கூட; 1962-ல் வந்த 'பேல் ஃபயர்' நாவலில் பூச்சியையும் ஸ்விஃப்டின் பெண்ணையும் ஒரே சொல்லுக்குள் சேர்த்தே வைக்கிறார்.

1879-ல் லெஸ்லி ஸ்டீஃபன் தன் மகளுக்கு வனெஸ்ஸா என்று பெயரிட்டார். வர்ஜீனியா வுல்ஃபின் அக்கா, ஓவியர். மூன்று வருஷங்களில் ஸ்விஃப்டைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். அதே வீட்டில் அவர் மனைவியின் முதல் கல்யாணத்தில் பிறந்த மூத்த பெண் இருந்தாள், பெயர் ஸ்டெல்லா. காடெனஸ் என்று பிள்ளைக்குப் பெயர் வைத்தவர் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை.