தட்டைத் திருப்பும் நேரம்

ஒரு ஜாஸ் இசைத்தட்டை நூறு முறை கேட்டவருக்கு அடுத்து என்ன ஸ்வரம் வரும் என்று தெரியும். வாசித்தவருக்கு, வாசித்த அந்தக் கணத்தில், அது தெரிந்திருக்காது. மனோதர்ம இசையை மாறவே மாறாத ஒரு தட்டில் கேட்பதன் சுகம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. கலைஞர்களின் மேதைமையைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். தட்டின் போதாமையைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம்.

முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917இல் நியூயார்க்கில் பதிவானது. அதன்பின் முப்பது ஆண்டுகள், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டே கதி. பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். நம்மூர் வித்வான்கள் ஆலாபனையைச் சுருக்கி கிராமபோனுக்குப் பாடிய அதே நெருக்கடி. அது எப்போதும் கெடுதல்தான் செய்தது என்று சொல்லிவிட முடியாது. 1939இல் கோல்மன் ஹாக்கின்ஸ் டெனர் சாக்ஸபோனில் வாசித்த 'பாடி அண்ட் சோல்' தொடக்கத்தில் மட்டும் மெட்டை லேசாகத் தொட்டுவிட்டு, மீதியெல்லாம் அவருடைய கற்பனை. வீணாய்ப்போன மூச்சு ஒன்றுகூட அதில் கிடையாது.

டியூக் எலிங்டனுக்கு மூன்று நிமிடம் போதவில்லை. 1937இல் 'டிமினுயெண்டோ அண்ட் கிரெசெண்டோ இன் ப்ளூ' என்ற படைப்பைத் தட்டின் இரு பக்கங்களுக்கும் பிரித்துப் பதிந்தார். இசை தணிந்து அடங்குவது ஒரு பக்கம், திரும்ப ஏறுவது மறுபக்கம். நடுவில் கேட்பவர் எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டும். 1956 ஜூலையில், நியூபோர்ட் விழா மேடையில், அந்த இடைவெளிக்குள்தான் எலிங்டன் குழுவின் பால் கான்சால்வெஸ் சாக்ஸபோனோடு புகுந்தார். ப்ளூஸ் வடிவத்தின் மேல் 27 சுற்று! கூட்டத்தில் பலர் எழுந்து ஆடத் தொடங்கிவிட்டார்கள். 1948இல் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்த எல்.பி. தட்டு மட்டும் இல்லையென்றால், இதை வீட்டில் ஒரே மூச்சாகக் கேட்க வழியே இருந்திருக்காது.

அதிலும் ஒரு வினை. அவர் வாசித்தது தப்பான மைக்குக்கு முன்னால். 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலிக்காக வைத்திருந்த மைக் அது. அதனால் கொலம்பியா தட்டில் சாக்ஸபோன் எங்கோ தள்ளி ஒலிக்கும். தட்டின் வேறு சில பகுதிகளோ, ஸ்டூடியோவில் திரும்ப வாசித்துக் கைதட்டல் ஒட்டியவை. பின்னாளில் வானொலியின் ஒலிநாடா கிடைத்து, இரண்டையும் இணைத்து 1999இல் வந்த பதிப்பில் கான்சால்வெஸ் நம் பக்கத்திலேயே நின்று வாசிக்கிறார். துல்லியம்தான். எனக்கென்னவோ அந்தப் பழைய தூரம் பிடித்திருக்கிறது, பின்வரிசையில் நின்று தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிற மாதிரி.

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வும் தப்பவில்லை. 1959 மார்ச் 2 அன்று, முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியா ஸ்டூடியோவில், ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓடவிட்டபோது, முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் கொஞ்சம் சுருதி ஏறி ஒலித்தன. 1992 பதிப்பில்தான் திருத்தினார்கள். அதுவரை தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள் தங்கள் வாத்தியத்தைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள்.