டிரான்ஸ் மவுண்டன்: பேரத்தில் பிறந்த ஒப்புதல்

2016 நவம்பர் 29 அன்று கனடியப் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ எண்ணெய்க் குழாய்கள் குறித்த மூன்று முடிவுகளைச் சேர்த்தே அறிவித்தார். பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடகரைக்குப் போகவிருந்த நார்தர்ன் கேட்வே திட்டம் நிராகரிக்கப்பட்டது. அமெரிக்காவுக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் பழைய லைன் 3 குழாயை மாற்றிப் பதிக்க அனுமதி கிடைத்தது. ஆல்பர்ட்டாவின் எட்மன்டன் பகுதியிலிருந்து வான்கூவரை ஒட்டிய பர்னபி வரை 1953 முதல் ஓடும் டிரான்ஸ் மவுண்டன் குழாயை விரிவாக்கவும் அனுமதி கிடைத்தது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 3 லட்சம் பேரலிலிருந்து 8.9 லட்சமாக உயரும் என்பது திட்டம். ஆல்பர்ட்டா முதல்வர் ரேச்சல் நாட்லியின் பருவநிலைத் திட்டம் இல்லாமல் இந்த ஒப்புதல் சாத்தியமாகியிருக்காது என்று ட்ரூடோ அன்றே சொன்னார்.

ஒப்புதல் எதற்குக் கைமாறாக வந்தது என்பதை ஓர் அரசு தானே சொல்லிவிட்ட தருணம் அது. எண்ணெய் மாகாணம் கார்பன் வரியை ஏற்கும். மத்திய அரசு அதற்குக் கடல்வரை வழிவிடும். இதைச் சூதாட்டம் என்று ஒதுக்கிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்தப் பேரத்துக்கு வலுவான நியாயம் ஒன்று இருந்தது.

2014-ன் நடுவில் 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே விழுந்தது. ஆல்பர்ட்டாவில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையிழந்தன. கனடாவின் ஏற்றுமதி எண்ணெய் ஏறத்தாழ முழுவதும் அமெரிக்கா என்ற ஒரே வாடிக்கையாளருக்கே போனது; வேறு போக்கிடம் இல்லாதவரிடம் வாங்குபவர் விலையைக் குறைத்தே கேட்பார். 2018 இறுதியில் ஆல்பர்ட்டாவின் கன எண்ணெய், அமெரிக்க எண்ணெயைவிட பேரலுக்கு 40 டாலருக்கு மேல் மலிவாகப் போனது. நாட்லி உற்பத்தியையே கட்டாயமாகக் குறைக்க நேர்ந்தது. 44 ஆண்டுகள் தொடர்ந்து ஆண்ட கட்சியை 2015-ல் வீழ்த்தி வந்த இடதுசாரி முதல்வர் அவர். அப்படிப்பட்ட மண்ணில் கார்பன் வரி விதித்து, எண்ணெய் மணல் தொழிலின் உமிழ்வுக்கு ஆண்டுக்கு 10 கோடி டன் என வரம்பு கட்டி, நிலக்கரி மின்சாரத்தை 2030-க்குள் நிறுத்துவதாகவும் சொன்னவர், மக்களிடம் காட்டக் கையில் ஏதாவது வேண்டும் என்று கேட்டதில் தவறில்லை. மாகாணங்களின் இசைவின்றி ஒரு கூட்டாட்சியில் பருவநிலைக் கொள்கை நிலைக்காது. பேரத்தால் விளைந்த நன்மையும் உண்டு: ஆல்பர்ட்டாவின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024-லேயே எரிவாயுவுக்கு மாறிவிட்டது. அதே ஆண்டு குழாய் ஓடத் தொடங்கியதும் விலை இடைவெளியும் கணிசமாகக் குறைந்தது.

ஆனால் பேரம் என்றால் அதில் உட்கார இடம் கிடைக்காதவர்களும் இருப்பார்கள். கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018 ஆகஸ்ட் 30 அன்று இந்த ஒப்புதலை ரத்து செய்தபோது சொன்ன இரண்டு காரணங்களும் அவர்களைப் பற்றியவை.

முதல் காரணம் கடல். குழாய் விரிந்தால் பர்னபி துறையில் மாதம் ஐந்தாறு டேங்கர் கப்பல்கள் என்பது 34 வரை ஆகும். அந்தக் கடலில் வாழும் தென்பகுதி ஓர்க்கா திமிங்கலங்கள் எழுபத்துச் சொச்சமே மிஞ்சிய, அழிவின் விளிம்பில் நிற்கும் இனம். டேங்கர் போக்குவரத்து அவற்றைப் பெரிதும் பாதிக்கும் என்று திட்டத்தை மதிப்பிட்ட தேசிய எரிசக்தி வாரியமே கண்டறிந்தது. ஆனால் கப்பல்கள் திட்டத்தின் பகுதியல்ல என்று வரையறுத்துக்கொண்டதால், திட்டத்தால் குறிப்பிடத்தக்க சுற்றுச்சூழல் பாதிப்பு இல்லை என்ற முடிவுக்கு வர அதனால் முடிந்தது. கப்பலில் ஏற்றுவதற்காகவே போடும் குழாயைக் கப்பல் இல்லாமல் மதிப்பிட்டால் அது எப்படி மதிப்பீடாகும்? அந்த அறிக்கையை நம்பி அமைச்சரவை முடிவெடுத்தது செல்லாது என்றது நீதிமன்றம்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. பூர்வகுடிச் சமூகங்களைக் கலந்தாலோசிப்பது கனடிய அரசின் அரசியலமைப்புக் கடமை. ட்ஸ்லெயில்-வாடூத், ஸ்குவாமிஷ், கோல்ட்வாட்டர் போன்ற சமூகங்களிடம் அனுப்பப்பட்ட அதிகாரிகள் குறைகளைக் கேட்டு எழுதிக்கொண்டு மேலே அனுப்புவதே தங்கள் வேலை என்று கருதினார்கள் என்பது நீதிமன்றத்தின் கண்டறிதல். கோல்ட்வாட்டர் மக்களின் கவலை குடிநீர் பற்றியது. குழாய் தங்கள் நிலத்தடி நீருக்கு மேல் போகாத மாற்றுப் பாதை வேண்டுமென்று கேட்டார்கள். எழுதிக்கொள்ள மட்டும் வந்தவரால் அதற்கு எப்படிப் பதில் சொல்ல முடியும்? அந்த அதிகாரிகளை நான் குறை சொல்லமாட்டேன். முடிவு மேலிடத்தில் எடுத்தாகிவிட்டால் கீழிருப்பவரிடம் பேச என்ன அதிகாரம் மிஞ்சும்? அனுமதியை அரசுகள் தரலாம், இசைவை மக்கள் சமூகங்களே தர முடியும் என்று 2015-ல் வாக்குக் கேட்ட கட்சியின் ஆட்சியில் இது நடந்தது என்பதுதான் மனத்தை அறுக்கிறது.

பூர்வகுடிகள் எல்லோரும் எதிர்த்தார்கள் என்று எழுதுவதும் உண்மைக்குப் புறம்பு. 43 சமூகங்கள் நிறுவனத்தோடு பயன்பகிர்வு ஒப்பந்தம் செய்திருந்தன. சில குழுக்கள் குழாயில் பங்குரிமையே கேட்டன. ஏழ்மையில் விடப்பட்ட சமூகம் வருமானம் தேடுவதை வெளியிலிருந்து எடைபோடும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் ஒருவர் இட்ட கையெழுத்து, கையெழுத்திடாத அண்டை வீட்டாரின் சம்மதமாகிவிடாது.

ஒப்புதல் சட்டச் சிக்கலில் இருந்த அதே காலத்தில் அரசியலும் புரண்டது. 2017 தேர்தலுக்குப் பின் பசுமைக் கட்சியின் ஆதரவோடு பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆட்சியமைத்த ஜான் ஹோர்கன், குழாயை எதிர்த்தார். அவரும் நாட்லியும் ஒரே கட்சிக்காரர்கள். ஆனாலும் 2018 பிப்ரவரியில் நாட்லி அந்த மாகாணத்தின் ஒயினுக்கே சில நாள் தடை விதித்தார். பர்னபியில் மறியல் செய்து இருநூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்களும் அவர்களில் அடக்கம். உரிமையாளரான கிண்டர் மார்கன் நிறுவனம் திட்டம் நடக்கும் என்ற உறுதி மே 31-க்குள் வேண்டும் என்று கெடு வைத்தது. இரண்டு நாள் மீதமிருக்க, குழாயை 450 கோடி கனடிய டாலருக்கு அரசே வாங்குவதாக நிதியமைச்சர் பில் மோர்னோ அறிவித்தார்.

ஒரு திட்டம் நல்லதா என்று தீர்ப்பளிக்க வேண்டிய அரசு, அத்திட்டத்தின் உரிமையாளர் ஆனது. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்க் இயாகோபுச்சியின் மேற்பார்வையில் மறுகலந்தாய்வு நடந்தது. முதல் முறையைவிட அது ஒழுங்காகவே நடந்தது, பிற்பாடு நீதிமன்றமும் ஏற்றது. ஆயினும் 2019 ஜூன் 18 அன்று அமைச்சரவை மீண்டும் ஒப்புதல் தந்தபோது, தன் பணம் முடங்கிக் கிடந்த சொந்தத் திட்டத்துக்கே தந்தது. முந்தைய நாள்தான் நாடாளுமன்ற மக்களவை பருவநிலை அவசரநிலையை அறிவிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது.

என்னை அதிகம் உறுத்துவது வேறொரு தேதி. அவ்வாண்டு ஏப்ரலில் நாட்லி தேர்தலில் தோற்றார். புதிய முதல்வர் ஜேசன் கென்னி மே 30 அன்று மாகாணக் கார்பன் வரியை ஒழித்தார். அதாவது, எந்தத் திட்டத்துக்குக் கைமாறாக 2016-ல் ஒப்புதல் வந்ததோ அதன் நடுத்தூண் சாய்ந்து மூன்று வாரம்கூட ஆகுமுன் ஒப்புதல் மறுபடி வழங்கப்பட்டது. அந்த இடத்தை நிரப்ப மத்திய அரசு விதித்த எரிபொருள் கட்டணமும் 2025 ஏப்ரல் 1-ல் நீங்கியது. இந்த வகைப் பேரத்தின் அடிப்படைக் கோளாறு இதுவே. ஒரு பக்கத்தில் பல பத்தாண்டுகள் நிற்கும் இரும்புக் குழாய்; மறுபக்கத்தில் அடுத்த தேர்தல் வரை நிற்கும் கொள்கை. வரி போனால் குழாயில் ஓடும் அளவும் குறையும் என்று உரிமத்திலேயே எழுதியிருந்தால் அது ஒப்பந்தம். அப்படி எந்த நிபந்தனையும் அதில் இல்லை. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நிபந்தனைகள் விதித்த நாட்டில் இந்த ஒன்று மட்டும் விடுபட்டது.

அரசியல் லாபமாவது கிடைத்ததா? 2015-ல் ஆல்பர்ட்டாவில் நான்கு இடங்களை வென்ற ட்ரூடோவின் லிபரல் கட்சி 2019-ல் அங்கே ஒன்றுகூடப் பெறவில்லை. செலவோ, தொடக்கத்தில் சொன்ன 540 கோடி டாலரிலிருந்து 3,400 கோடிக்கு ஏறியது. 2024 மே 1-ல் வணிகரீதியில் குழாய் திறந்தபோது, இனி பொதுப்பணம் தரமாட்டோம் என்று 2022-ல் சொன்ன அரசு, அதன் கடன்களுக்கு உத்தரவாதம் தந்து நின்றது.

இத்தனைக்குப் பிறகும் அதே வகைப் பேரம் திரும்பியது. 2025 நவம்பர் 27 அன்று பிரதமர் மார்க் கார்னியும் ஆல்பர்ட்டா முதல்வர் டேனியல் ஸ்மித்தும் கால்கரியில் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தொழிற்சாலைகளுக்கான கார்பன் விலையை உயர்த்த ஆல்பர்ட்டா இசையும். மேற்குக் கரைக்குப் புதிய எண்ணெய்க் குழாய்க்கு மத்திய அரசு ஆதரவு தரும். தேவைப்பட்டால் வடகரையில் எண்ணெய் டேங்கர்களுக்கு உள்ள தடையிலும் மாற்றம் வரலாம். முன்பு சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஸ்டீவன் கில்போ அன்றே அமைச்சரவையிலிருந்து விலகினார். அந்தக் குழாய் வந்து சேர வேண்டிய பிரிட்டிஷ் கொலம்பியாவின் முதல்வர் டேவிட் ஈபி, தங்களைப் பேச்சில் சேர்க்கவில்லை என்றார். கரையோரப் பூர்வகுடிச் சமூகங்களும் தங்கள் கடலில் இதற்கு இடமில்லை என்று உடனே அறிவித்தன.