நீ, நீர், நீங்கள்: தமிழ் வேதாகமத்தின் முன்னிலை வழக்கு

கிறித்தவம் ஈழத்துத் தமிழருக்கு அச்சுக்கூடத்தைத் தந்தது, பள்ளிக்கூடத்தைத் தந்தது, எளிய வசனநடையைத் தந்தது என்ற பட்டியல் நமது இலக்கிய வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப வருவது. அதனை மறுக்கவேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆயினும் அவ்வசனம் யாரை நோக்கிப் பேசிற்று, கேட்பவனை எந்தப் படியில் நிறுத்திப் பேசிற்று என்ற வினாவை அந்நூல்கள் எழுப்புவதில்லை. ஒரு சமயத்தார் எதை நம்பினர் என்பதை அவர்தம் போதனைகளிலிருந்து அறியலாம். அந்நம்பிக்கை அவர்களை எவ்வளவு தூரம் மாற்றிற்று என்பதை அறிவதற்கு, அயலானை அவர்கள் எப்படி விளித்தார்கள் என்று பார்ப்பதே நேர்வழி. இக்கட்டுரையில் தமிழ் வேதாகமத்தின் முன்னிலைப் பெயர்களையும் வினைமுற்று விகுதிகளையும் கொண்டு அவ்வினாவை ஆராய முயல்கிறோம்.

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் ஒருவனை நோக்கிப் பேசுவதற்கு ஒரே முன்னிலைப் பெயர்தான் உண்டு. அரசனுக்கும் அதுவே, அடிமைக்கும் அதுவே, கடவுளை நோக்கிய மன்றாட்டிலும் அதுவே. பழைய ஏற்பாட்டின் எபிரேயத்தில் ஆண்பால் பெண்பால் வேறுபாடு உண்டு. தகுதி வேறுபாடு இல்லை. இவற்றைத் தமிழாக்கப் புகுந்தவர் முதல் வாக்கியத்திலேயே இடறவேண்டியவராகிறார். பேசுபவனும் கேட்பவனுமாகிய இருவருள் யார் பெரியவர் என்று தீர்மானியாமல் தமிழில் ஒரு குவளை தண்ணீர் கேட்கவும் முடியாது. மூலநூல் கேளாத கேள்வியை மொழிபெயர்ப்பாளர் கேட்டேயாகவேண்டும்; அதற்கு அவர் அளிக்கும் விடை மூலநூலுக்கு உரியதன்று, அவர் வாழ்ந்த சமுதாயத்துக்கு உரியது.

யாழ்ப்பாணத்து வழக்கில் இவ்வேணியின் படிகள் தெளிவானவை. நீ, நீர், நீங்கள் என்ற மூன்றும் இங்கு வாழும் சொற்கள். தமிழகத்தின் பெரும்பகுதியில் 'நீர்' பேச்சிலிருந்து மறைந்து பழநூற்சொல்லாய்விட்டது. நமக்கோ அது நடுப்படி. கணவன் மனைவியை 'இஞ்சை வாரும்' என்கிறான். ஆசிரியர் வளர்ந்த மாணவனை 'இரும்' என்கிறார். ஒத்த வயதினரான இரு உத்தியோகத்தர் ஒருவரையொருவர் 'சொல்லும்' என்கின்றனர். பணிவுமில்லை, இழிவுமில்லை. ஆனால் இந்நடுப்படியில் எல்லாருக்கும் இடமளிக்கப்படவில்லை. நிலவுடைமையாளன் வீட்டுச் சிறுவன் தன் பாட்டனுடைய வயதினனான மரமேறுந் தொழிலாளியை 'நீ' என்றான். அம்முதியவன் அச்சிறுவனை 'நயினார்' என்றான். வாய்க்கு வந்த ஒவ்வொரு வாக்கியத்திலும் சாதி வசூலிக்கப்பட்டது. நிலமும் கூலியுமே அடிப்படை, முன்னிலைப் பெயர் அற்ப விடயம் என்று கூறும் நண்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: நிலவுறவு அறுவடைக்காலத்தில் நினைவூட்டப்பட்டது, இது நாள்தோறும், வாய் திறக்கும்போதெல்லாம் நினைவூட்டப்பட்டது.

இனி நூலுக்கு வருவோம். ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பே இன்றுவரை புரட்டஸ்தாந்து மக்களிற் பெரும்பாலோரின் நாவில் உள்ளது. அதன் படர்க்கை வினைமுற்றுக்களைக் கவனித்தவர் வியப்படைவர். கடவுளுக்கும் இயேசுவுக்கும் 'ஆர்' விகுதி. ஏனைய தனிமனிதர் எவருக்கும் 'ஆன்', 'ஆள்'. தாவீது அரசன் சொன்னான்; ஏரோது சொன்னான்; பேதுரு சொன்னான்; பவுல் சொன்னான்; குருடன் சொன்னான். மரியாளும் சொன்னாள், வேலைக்காரியும் சொன்னாள். முடியுடையவனும் மீன்பிடிகாரனும் பிச்சைக்காரனும் ஒரே விகுதியின் கீழ் நிற்கின்றனர். அக்காலத் தமிழில் அரசரையும் ஞானிகளையும் இப்படி எழுதுவது எளிய செயலன்று. கடவுளின் முன் மானிடர் யாவரும் ஒரே தரத்தினர் என்ற கிறித்தவக் கொள்கை இங்கு தமிழ் இலக்கணத்தினுள்ளேயே இறங்கியிருக்கிறது. இதைத் திட்டமிட்டுச் செய்தார்களா, கடவுளின் மகிமையைத் தனித்துக் காட்டும் ஆர்வத்தில் பக்கவிளைவாக நேர்ந்ததா என்பது வேறு. விளைவு சமத்துவமே, தாழ்த்திச் சமப்படுத்திய சமத்துவம் என்று வேண்டுமானால் கூறலாம்.

ஆனால் அதே நூலில் உரையாடல்கள் தொடங்கியதும் ஏணி திரும்பவும் சாத்தப்படுகிறது. நான்காம் சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தில் வரும் கிணற்றடிக் காட்சியை எடுத்துக்கொள்வோம். யூதனொருவன் தன் இனத்தார் தொடவும் கூசும் சமாரிய இனத்துப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறான். தீண்டாமையை அறிந்த நாட்டினருக்கு இதைவிட விளக்கம் வேண்டாத கதை வேறில்லை. பவர் பதிப்பில் இயேசு அவளிடம் 'தா' என்கிறார், 'நீ' என்கிறார், 'ஸ்திரீயே' என்கிறார். அவளோ 'நீர்' என்றும் 'ஆண்டவரே' என்றும் பேசுகிறாள். மூலத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் ஒரே சொல்லைக் கையாளுகின்றனர். எல்லையைக் கடந்தவன் என்று மூலம் காட்டிய மனிதன், தமிழில் எல்லைக்கு மேலே நின்றபடி கடக்கிறான்.

இயேசு கடவுளாகையால் அவர் எவரையும் 'நீ' என்பது இயல்பே என்று சமாதானம் சொல்லக்கூடும். பரிசேயரிற் பெரியவனான நிக்கொதேமுவையும் அவர் 'நீ' என்றே பேசுகிறார். ஆயின் உரோமப் பேரரசின் தேசாதிபதியான பிலாத்துவின் முன் நிறுத்தப்பட்டதும் அவரது பேச்சு மாறுகிறது. பிலாத்து அவரை 'நீ' என்கிறான். அவர் பிலாத்துவை 'நீர்' என்கிறார். பிரதான ஆசாரியனுக்கும் அதே மரியாதை. உலகைப் படைத்தவன் என்று நம்பப்படுபவர் கிணற்றடிப் பெண்ணுக்குக் கொடாத பன்மையை அந்நிய ஆட்சியின் அதிகாரிக்குக் கொடுக்கிறார்! கிரேக்கத்தில் இதற்கு எழுத்தளவும் ஆதாரமில்லை. கச்சேரியிலும் நீதிமன்றத்திலும் துரைமாரின் முன் எப்படிப் பேசவேண்டும் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பழக்கமே இம்மரியாதையைப் புகுத்தியது என்பது நமது துணிபு.

கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் இணைந்து உருவாக்கி 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு இவ்விடயத்தில் பெரும் பாய்ச்சல். அங்கே இயேசு அப்பெண்ணை 'அம்மா' என்கிறார். தண்ணீரைக் 'கொடும்' என்று கேட்கிறார். அவளும் அவரை 'நீர்' என்கிறாள். கதைசொல்பவரும் அவளைப் பற்றிப் பேசுகையில் 'ஆர்' விகுதியே தருகிறார். தமிழகத்து வாசகருக்கு இந்த நீரும் கொடும் என்பதும் கோயில் மணம் வீசும் பழந்தமிழாகத் தோன்றலாம். யாழ்ப்பாணத்துச் செவிக்கு அப்படியன்று. ஒத்த நிலையினர் இருவர் கிணற்றடியில் நின்று மரியாதையோடு உரையாடுவது போல அது கேட்கிறது. மூலத்தின் ஒப்புரவு, மொழிபெயர்ப்பாளர் எதிர்பார்த்தோ எதிர்பாராமலோ, நமது வட்டாரத்திலேதான் முழுமையாக மீட்கப்பட்டிருக்கிறது. அப்பதிப்பிற் குறையில்லாமலில்லை. ஏரோதும் பிலாத்துவும் அங்கே 'ஆன்' விகுதியில் நிற்கின்றனர். மரியாதை இப்போது நல்லவர்க்குரிய பரிசாயிற்று. சாதிக்கும் பதவிக்கும் அளித்ததைவிட ஒழுக்கத்துக்கு அளிப்பது மேல் என்றாலும், தகுதி பார்த்துக் கொடுக்கும் பழக்கம் கைவிடப்படவில்லை.

நம்பிக்கை ஒன்றாயிருக்கப் பேச்சு ஏன் இப்படித் தடுமாறிற்று? வரலாறு விடை தருகிறது. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் எனப்படும் ரொபேர்ட் டி நொபிலி, உயர்குலத்தாரைக் கவர்வதற்காகச் சந்நியாசிக் கோலம் பூண்டு ஏனையோருடன் கலவாது வாழ்ந்தார். 1640-ஆம் ஆண்டளவில் பிற சாதியாருக்கெனப் பண்டாரசாமிகள் என்ற வேறுவகைக் குருமார் ஏற்பட்டனர். ஒரே சுவிசேஷத்தை இரு சாதிகளுக்கு இரு கோலங்களிற் சொல்லும் ஏற்பாடு இது. நொபிலியின் தமிழ்ப் புலமையை மெச்சுவோர் இப்பக்கத்தை விரைந்து புரட்டிவிடுவது வழக்கம்.

தரங்கம்பாடியில் 1713-இல் அச்சான சீகன்பால்குவின் சிறுநூலொன்றின் பெயர் 'அக்கியானம்'. பிற சமயத்தவனோடு பேசத் தொடங்கும்போதே அவனை அறியாமையுடையவன் என்று பெயரிட்டுப் பேசும் முறை அங்கிருந்து நெடுங்காலம் நிலைத்தது. யாழ்ப்பாணத்தில் அதற்குக் கிடைத்த எதிரொலி யாவரும் அறிந்தது. பேர்சிவல் பாதிரியாரோடிருந்து, 1850-இல் சென்னையில் அச்சான வேதாகமத் தமிழாக்கத்துக்கு உழைத்த ஆறுமுக நாவலர், 1847 டிசெம்பர் 31-இல் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிற் பிரசங்கத்தைத் தொடங்கினார். பிரசங்கம் என்ற வடிவத்தை மட்டுமன்றி, எதிரியை ஒறுத்துப் பேசும் குரலையும் அவர் மிஷன் மேடையிலிருந்தே எடுத்துக்கொண்டார். இரு தரப்பாரும் ஒருவரையொருவர் வென்றனர் என்று இரு தரப்பு வரலாறுகளும் கூறுகின்றன. பனையேறியும் துணிவெளுப்போனும் அவ்விரு மேடைகளிலும் விளிக்கப்படவில்லை.

தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) இன்னும் துலக்கமான சான்று. கீர்த்தனைகளால் தமிழ்த் திருச்சபையின் செவியையே ஆக்கியவர் அவர். வேதாகமத் தமிழை இரேனியுஸ் முதலியோர் திருத்தியதையும், நற்கருணையிற் சாதிப் பிரிவை ஒழிக்க முயன்றதையும் ஒரே குற்றப்பத்திரத்திற் சேர்த்து எதிர்த்தார். முன்னது இலக்கியம், பின்னது சாதி என்று நாம் பிரித்துவிடலாகாது, அவரே பிரிக்கவில்லை. பழகிய சொல்லும் பழகிய இருக்கையும் அவருக்கு ஒரே ஒழுங்கின் இரு கூறுகள். 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் டானியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு அறவே நீங்கவேண்டுமென உத்தரவிட்டபோது தஞ்சையிற் பலர் சபையைவிட்டே நீங்கினர்.

சபையினுள் நிலைபெற்ற 'சகோதரன்' என்ற விளியையும் இங்கு நோக்கவேண்டும். மொழிபெயர்ப்பால் வந்த இவ்வழக்கு ஒருவகையிற் புரட்சிகரமானது. நயினார், நாச்சியார் என்ற விளிகளுக்குப் பழகிய நாவு, கோயிலுக்குள் மட்டுமேனும் வேறொரு சொல்லைச் சொல்லிப் பழகிற்று. ஆனால் தமிழ் உறவுமுறையின் அமைப்பை அறிந்தவர்க்கு ஓர் ஐயம் எழும். அண்ணன், தம்பி என்பன கொண்டு கொடுத்தலுக்கு இடமில்லாத உறவுகள். மச்சான், மாமன் என்பனவே சம்பந்தத்துக்குரியவை. சபையார் எல்லாரையும் சகோதரர் என்றனர். எல்லாரையும் மச்சான் என்று சொல்ல எவரும் துணிந்திலர். கலியாணப் பேச்சு வந்தபோது ஞானஸ்நானத்துக்கு முந்திய கணக்கே எடுத்துப் பார்க்கப்பட்டது. சகோதரத்துவம் மலிவாய்க் கிடைத்ததற்குக் காரணம் அதில் எவரும் எதையும் கொடுக்கவேண்டியிருக்கவில்லை என்பதுதான்.

ஆயினும் சொல் ஒருமுறை நூலிலேறிவிட்டால் அதை வாசிக்கத் தெரிந்த எவனும் அதற்குக் கணக்குக் கேட்கலாம். கணக்குக் கேட்டவர்களும் உண்டு. 1924-இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸாகிய இயக்கத்தை முன்னின்று நடத்திய ஹண்டி பேரின்பநாயகம் கிறித்தவக் குடும்பத்திற் பிறந்தவர். பள்ளிக்கூடங்களிற் சம ஆசனத்துக்காக அவ்வியக்கம் குரல்கொடுத்தது. அடுத்த தலைமுறையில் நமது முற்போக்கு இலக்கிய அணியின் பெயர்களைப் பாருங்கள்: கே. டானியல், டொமினிக் ஜீவா, எஸ். அகஸ்தியர். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்து கிறித்தவப் பெயர் தாங்கிய எழுத்தாளர்கள். இவர்களது உலகநோக்கு மார்க்சியத்திலிருந்து வந்தது, திருச்சபையிலிருந்தன்று. எனினும் கந்தையர் என்று ஒருவனும் கந்தன் என்று இன்னொருவனும் பெயரின் ஈற்றிலேயே பிரிக்கப்பட்ட ஊரில், டானியல் என்ற பெயர் வெட்டிக் குறைக்க முடியாத ஒன்றாக இருந்தது என்பதைக் குறிப்பிடாமல் விடமுடியாது.

இவர்களின் கதைகளில் உரையாடலைத்தான் முதலிற் படிக்கவேண்டும். ஜீவாவின் முதற் சிறுகதைத் தொகுதிக்குப் பெயர் 'தண்ணீரும் கண்ணீரும்'. தன் குடத்தைக் கிணற்றுக் கட்டில் வைக்க உரிமையின்றி, யாரேனும் வந்து வார்க்கும்வரை காத்திருந்த பெண்களின் நாடு இது; அக்கிணற்றடியிற் பேசப்பட்ட தமிழ் எது என்பதை எழுத்தில் நிறுத்தியவர்கள் இவர்களே. டானியலின் 'பஞ்சமர்' 1972-இல் வந்தது. 1966 ஒக்டோபர் 21 ஊர்வலத்தையும், அதைத் தொடர்ந்த தேநீர்க்கடை, கோயில் நுழைவுப் போராட்டங்களையும் உள்நின்று அறிந்தவர் அவர். அவருடைய நாவல்களில் 'நயினார்' என்ற விளி எங்கெங்கே வருகிறது, எங்கே வராமற் போகிறது, எந்த இடத்தில் ஒருவன் எதிரே நிற்பவனை முதன்முறையாக 'நீர்' என்கிறான் அல்லது பெயர் சொல்லிப் பேசுகிறான் என்று பார்த்துக்கொண்டே வாசித்தால், கதையின் திருப்பங்கள் பலவும் அவ்விடங்களிலேயே நிகழக் காண்போம். 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் சிலர் இவ்வெழுத்தை ஒதுக்கியதன் காரணமும் அப்போது விளங்கும். அவர்களை உறுத்தியது கொச்சைச் சொல்லன்று, முன்னிலைப் பெயர் மாறியதே.

பல்கலைக்கழகத்திலும் உயர்தர வகுப்புக்களிலும் தமிழ் கற்பிக்கும் நண்பர்கள் பவர் பதிப்பின் கிணற்றடிக் காட்சியையும் 1995-ஆம் ஆண்டுப் பதிப்பின் அதே காட்சியையும் 'பஞ்சமரின்' உரையாடற் பக்கமொன்றையும் மாணவர் முன் ஒருசேர வைத்து, யார் யாரை எந்த விகுதியில் விளிக்கிறார் என்று எண்ணிக் குறிக்கச் செய்யலாம். ஒரு பாடவேளைக்கு மேல் ஆகாது.