காமன் கூத்தும் அதன் அளவுகோலும்

மலையகத் தோட்டங்களில் ஆண்டுதோறும் மாசித் திங்களில் ஆடப்பெறும் காமன் கூத்தினைக் குறித்து இருவகைக் கருத்துகள் அடிக்கடி கேட்கப்படுவதுண்டு. பாட்டும் ஆட்டமும் செப்பமின்றி நீண்டு செல்கின்றன. வேண்டாதவற்றைக் களைந்து மேடைக்கேற்பச் சுருக்கினாலன்றி அது கலையாகாது என்பது ஒன்று. அது மக்களின் மரபுச் செல்வம்; அதனை மதிப்பிடப் புகுவதே தகாது என்பது மற்றொன்று. முன்னையது பிறிதொரு கலைக்குரிய அளவுகோலால் இதனை அளக்கின்றது. பின்னையது அளவுகோலே வேண்டாமென்கின்றது. காமன் கூத்துக்கு அதற்கேயுரிய அளவுகோல் ஒன்று உண்டு. அதனைக் கொண்டு நோக்குமிடத்து அக்கூத்தின் வலிமை எதுவென்பது மட்டுமன்றி, அதன் குறை எதுவென்பதும் தெளிவாகும்.

சிவனொளிபாத மலையின் அடிவாரத்தை அண்டிய மஸ்கெலியாத் தோட்டப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1960களின் இறுதியில் மவுசாகலை நீர்த்தேக்கம் உருவானபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கிற்று. நீர்மட்டம் தாழுங் காலங்களில் பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் வெளித்தோன்றுவதுண்டு. கட்டடங்களைச் சார்ந்திருந்த ஊர் நினைவு இவ்வாறு நீருக்குள் மறைந்தது. காமன் கூத்தோ கட்டடம் எதனையும் வேண்டி நிற்பதன்று. லயங்களுக்கு அண்மையிலுள்ள ஒரு வெட்டவெளி அதற்குப் போதும். கம்பம் நடப்பெற்றதும் அவ்வெளி காமன் பொட்டலாகி விடுகின்றது.

மாசி அமாவாசையை அடுத்து மூன்றாம் பிறையளவிற் கம்பம் நடப்பெறும். முழுமதியளவிற் காமன் தகனம் நிகழும். நாட்கணக்கும் கம்பத்தின் அமைப்பும் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடுதலுண்டு. இடைப்பட்ட இரவுகளில், பகலெல்லாம் மலையில் உழைத்துக் களைத்தவர்கள் கம்பத்தைச் சூழக் கூடுகின்றனர். வாத்தியார் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் பின்பாடுகின்றனர். சிறுவர்கள் ஆட்டத்தின் அடவுகளைப் பார்த்துப் பழகுகின்றனர். தகன நாளிரவு ரதியும் மன்மதனும் லயங்கள்தோறும் ஊர்வலம் வர, வீட்டார் விளக்கேற்றி வரவேற்கின்றனர். இந்திரனின் ஓலை வருதலும், ரதி தடுத்தும் மன்மதன் புறப்படுதலும், சிவன்மீது மலர்க்கணை தொடுத்தலும், நெற்றிக்கண்ணால் எரிக்கப்படுதலும், ரதி புலம்புதலும் அனைவரும் அறிந்த கதையே. முடிவை அறியும் ஆவலால் எவரும் பொட்டலுக்கு வருவதில்லை. அறிந்த ஒன்றில் மீண்டும் ஒருமுறை பங்குகொள்ளவே வருகின்றனர்.

இவ்வுண்மையை மனங்கொண்டால் நீட்சியென்றும் செப்பமின்மையென்றும் கூறப்படுவனவற்றின் பொருள் விளங்கும். கூறியது கூறல் நூலுக்குக் குற்றம் என்பது இலக்கண நூலார் முடிபு. காமன் கூத்தில் அதுவே குணமாகின்றது. ஒரே மெட்டு பன்முறை திரும்பி வருவதனாலேயே பாடத் தெரியாதவனும் மூன்றாம் முறை முணுமுணுக்கின்றான். ஆறாம் முறை உரத்துப் பாடுகின்றான். ஏட்டை நோக்கிக் கற்க வாய்ப்பில்லாதார் நடுவே ஒரு கலை தலைமுறை கடந்து வாழ்வதற்கு இதனினும் ஏற்ற முறை வேறில்லை. பயிற்சி, ஆற்றுகை, சுவைப்பு என்னும் மூன்றும் ஈண்டு ஒன்றாகவே நிகழ்கின்றன.

தப்பின் இடமும் எண்ணத்தக்கது. தோட்டங்களில் விடியுமுன் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்பே. பெரட்டுத் தப்பு என அதற்கெனத் தனி அடியே இருந்தது. பகலில் வேலைக்கு அழைத்த அதே கருவி, இரவில் மக்களைத் தமக்குரிய களத்துக்கு அழைத்தது. நேரமும் உழைப்பும் பிறரால் அளக்கப்பட்ட வாழ்வில், நேரத்தைத் தாமே நீட்டிக் கொள்ளும் உரிமை அம்மாசி இரவுகளிற் கிடைத்தது. கூத்தின் நீட்சியைக் குறையென்போர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இத்தன்மை மலையகத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைநாட்டில் பிடிலும் பான்ஜோவும் கொண்டு இசைக்கப்பெறும் பழம்பாணி இசைக்கு ஆண்டு விழாக்கள் உள்ளன. வர்ஜீனியாவின் கேலக்ஸ் நகரில் 1935இலும், மேற்கு வர்ஜீனியாவின் கிளிஃப்டொப்பில் 1990இலும் அவ்வாறான இரு விழாக்கள் தொடங்கின. அங்கும் மேடையும் போட்டியும் பரிசும் உண்டு. எனினும் வருவோருட் பலர் நாடுவது மேடையை அன்று. கூடாரங்களுக்கு நடுவே வட்டமாக அமர்ந்து நள்ளிரவு கடந்தும் கூடி இசைப்பதையே. ஒரு மெட்டினைப் பலமுறை சுற்றிச் சுற்றி வாசிக்க, புதியவரும் வட்டத்தின் ஓரத்திலிருந்து கேட்டுக் கேட்டு அதனுட் சேர்ந்துகொள்கின்றார். இசை ஆய்வாளர் தோமஸ் துரினோ 2008இல் வெளியான தம் நூலில், பிறர் கேட்பதற்காக நிகழ்த்தப்படும் இசையையும் அனைவரும் பங்குகொள்வதற்கான இசையையும் வேறு பிரித்து, பின்னையதன் வெற்றியைப் பங்குகொள்ளலின் அளவும் செறிவுமே தீர்மானிக்கும் என விளக்கினார். காமன் கூத்துக்குரிய அளவுகோலும் இதுவே.

மேடைக்கேற்பச் சுருக்குதல் பற்றிய வினா இவ்விடத்து எழுகின்றது. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மட்டக்களப்புக் கூத்தினை மேடையேற்றினார். 1962இல் மேடையேறிய ‘கர்ணன் போர்’ இம்முயற்சியின் தொடக்கம் எனலாம். விடிய விடிய ஆடப்பட்டது ஓரிரு மணி நேரமாயிற்று. கூத்தினை இழிவாக நோக்கிய கற்றோர் அதனைத் திரும்பிப் பார்த்தனர். அச்சாதனை மறுக்கவொண்ணாதது. ஆயின் அங்கு வெற்றி பெற்ற முறை இங்கும் பொருந்துமெனக் கொள்ளுதல் பிழையாகும். தேர்ந்த அண்ணாவியாரின் ஆட்டக்கோலங்களும் தாளக்கட்டுகளும் பார்ப்போரை நோக்கி நிற்கும் ஆற்றலுடையவை. சுருக்கியபோதும் அவை எஞ்சின. காமன் கூத்தின் உயிரோ காப்புக் கட்டி நோன்பிருத்தலிலும், லயந்தோறும் செல்லுதலிலும், கூடிப் பாடுதலிலும் தங்கியுள்ளது. அதனை ஒரு மணி நேரமாக்கி ஒளிவிளக்கின் முன் நிறுத்தினால் எஞ்சுவது ஒரு புராணக் கதையும் சில ஒப்பனைகளுமே.

இனி, கூத்தின் குறையைக் காணலாம். பங்குகொள்ளலே அளவுகோலெனின், யார் எவ்வாறு பங்குகொள்கின்றனர் என வினவுதல் கடமையாகும். கூத்தின் உச்சம் ரதியின் புலம்பல். அதனைக் கேட்டுக் கண்கலங்காதார் இலர். புலம்பலின் மூலவடிவமான ஒப்பாரி பெண்களின் ஆக்கம். இழவு வீட்டில் அதனைக் கட்டிப் பாடி வளர்த்தவர்கள் அவர்களே. கொழுந்து பறிக்கும் உழைப்பின் பெரும்பகுதியும் அவர்களுடையதே. எனினும் பொட்டலில் ரதியாக நின்று புலம்புபவன் மரபுப்படி ஆண். பெண்கள் விளக்கேந்துகின்றனர், காணிக்கை இடுகின்றனர், அழுகின்றனர், ஆடுவதில்லை. தமது கலையைத் தாமே பிறர் வாயிற் கேட்டு நிற்கும் நிலை இது.

தப்பின் நிலையும் இத்தகையதே. தப்பின்றிக் கூத்தில்லை. ஆயினும் தப்படித்தல் குறிப்பிட்ட ஒரு சாதியாரின் கடமையாக நெடுங்காலம் விதிக்கப்பட்டிருந்தது. ஒரே லயத்தில் வாழ்ந்து ஒரே கூலி பெற்றோர் நடுவிலும், தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்த இவ்வேற்றுமை கூடவே வந்தது. கருவிக்குக் கிடைத்த மதிப்பு அதனை அடித்தவருக்குக் கிடைக்கவில்லை. அப்பலேச்சியாவிலும் இதற்கு ஒப்பானதைக் காணலாம். பான்ஜோ, அடிமைப்படுத்தப்பட்ட ஆபிரிக்க மக்களின் வழிவந்த கருவி. 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் வெள்ளையரின் இசையையும் கறுப்பரின் இசையையும் வெவ்வேறு வரிசைகளாகப் பிரித்து விற்றமையால், பழம்பாணி இசை வெள்ளையருக்கே உரியதென்னும் எண்ணம் வேரூன்றிற்று. கூடி இசைத்தல் என்பது தன்னளவிலேயே சமத்துவம் ஆகிவிடாது என்பதற்கு இருமலை நாடுகளும் சான்று பகருகின்றன.

இன்னொன்றும் கூறல் தகும். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. கூடிப் பாடிய குரல்கள் இரு கரைகளுக்குப் பிரிந்தன. நாட்டார் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை போன்றோரின் பணி இதனாலேயே அருமை பெறுகின்றது. எனினும் ஏட்டிற் பதிந்த பாட்டு கூத்தாகாது. பாடுவோர் கூடும்போதே அது மீண்டும் உயிர்க்கும்.

ஆகவே காமன் கூத்தினைக் காக்க முனைவோர் முதலிற் கைவைக்க வேண்டுவது அதன் நீளத்தின்மீதன்று. அதன் வட்டத்தின் எல்லைமீதே. மெட்டினைக் குறைக்காது பாடுவோரைக் கூட்டுதல் வேண்டும். ரதியின் புலம்பலைப் பெண்ணொருத்தி தன் குரலிற் பாடவும், தப்பினை விரும்பிய எவரும் கற்கவும், அதனை அடிப்பவர் வாத்தியாருக்கு ஒப்பாக மதிக்கப்படவும் இடமளிப்பின் மரபு சிதைந்துவிடும் என அஞ்சவேண்டியதில்லை. சேர வந்தாரைச் சேர்த்துக் கொள்ளுதலே அம்மரபின் இயல்பு. அவ்வியல்பினை அது முழுமையாக ஏற்கும் நாளிலேயே காமன் பொட்டல் உண்மையில் ஊர்ப் பொதுவாகும்.