மெதினா: ஒரு பெயரும் நமது அவசரமும்

ஸ்பெயினைப் பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகளில் ஒரு வாதம் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றது. அந்நாட்டில் 'மெதினா' எனத் தொடங்கும் ஊர்கள் பல உள்ளன. அதையே குடும்பப் பெயராகக் கொண்டோரும் ஏராளம். எனவே, அவ்வூர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நகரை நினைந்து பெயரிடப்பட்டவை. அக்குடும்பத்தார் முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் என்பதே அவ்வாதம். செவிக்கினிய இக்கூற்றை மொழியும் வரலாறும் ஏற்கின்றனவா என்பதை நாம் ஆராய்தல் வேண்டும்.

'மதீனா' என்பது அரபியில் நகரம் எனும் பொதுச்சொல். திருக்குர்ஆனின் யூசுஃப், யாஸீன் அத்தியாயங்களில் அது வேறு நகரங்களையே குறிக்கின்றது. யஸ்ரிப் 'அல்மதீனா' எனச் சிறப்புப் பெயர் பெற்ற பின்னரும் அப்பொதுப்பொருள் வழக்கொழியவில்லை. அந்தலூசிய ஊர்ப்பெயர்களில் அச்சொல் பெரும்பாலும் 'முளாஃப்' ஆக நின்று வேறொரு பெயரைச் சார்ந்து வருகின்றது. கி.பி. 936இல் மூன்றாம் அப்துர் ரஹ்மான் கட்டத் தொடங்கிய 'மதீனத்துஸ் ஸஹ்ரா' இன்று மெதினா அசாரா. ஹிஜ்ரி 392இல் (கி.பி. 1002) அல்மன்ஸூர் மரணமுற்ற 'மதீனத்து ஸாலிம்' இன்று மெதினாசெலி. 'ஸா' இங்கே 'செ' எனத் திரிந்தது அந்தலூசியரின் இமாலா உச்சரிப்பால் ஆகும். ஹூத் அத்தியாயத்தில் 'மஜ்ரேஹா' என ஓதிப் பழகிய நம் மாணவர்க்கு இது புதிதன்று. மெதினா சிதோனியாவின் பின்பாதியோ, முஸ்லிம்கள் வருமுன்னரே வழங்கிய பழம் ஊர்ப்பெயரின் எச்சம். மெதினா தெல் காம்போவில் பின்பாதி முழுவதும் காஸ்தீலியம்.

ஸ்பெயினின் அரபு ஊர்ப்பெயர்களைத் தொகுத்து மிகேல் அசின் பலாசியோஸ் 1940இல் வெளியிட்ட நூல் இத்துறையில் முக்கியமானது. கத்தோலிக்கப் பாதிரியாரான அவ்வறிஞரே அரபியின் தடங்களை மறைக்காது எடுத்துக் காட்டினார். ஆயினும் ஊரின் பெயருக்குரிய சான்று குடும்பத்தின் வம்சத்திற்குச் சான்றாகாது. 'தெ மெதினா' என்பது நம் 'நிஸ்பா' போன்றது. மெதினா ஊரார் என்பதே அதன் பொருள். 1545இல் கப்பற்கலை நூலை வெளியிட்ட பெத்ரோ தெ மெதினா கிறித்தவர். உஸ்மானியரின் சலோனிக்காவில் 1589இல் மறைந்த சாமுவேல் தெ மெதினா யூதச் சட்ட அறிஞர். 1588இல் இங்கிலாந்தின் மீது ஏவப்பட்ட கடற்படைக்குத் தலைமை தாங்கிய மெதினா சிதோனியா பிரபுவோ குஸ்மான் குடும்பத்தவர்.

இதன் மறுபக்கமே நம் உள்ளத்தை உலுக்குவது. 1567இல் இரண்டாம் பிலிப்பின் ஆணை கிரனடாவின் மொரிஸ்கோக்களுக்கு அரபு மொழியையும் அரபுப் பெயர்களையும் தடை செய்தது. மறு ஆண்டு கிளர்ந்தெழுந்தோரின் தலைவர் அதுவரை பெர்னாண்டோ தெ கோர்தோபா இ வாலோர் என்றே அறியப்பட்டார். 'இப்னு உமையா' எனும் பெயரைக் கிளர்ச்சியின்போதே மீட்டுக்கொண்டார். 1609 முதல் 1614 வரை நாடு கடத்தப்பட்டவர் ஏறத்தாழ 3 இலட்சம் பேர். அவர்களுள் மிகப் பலர் கிறித்தவப் பெயர்களைச் சுமந்தே கப்பலேறினர்.

ஆக, அரபுச் சொல்லைத் தாங்கியவர் யூதராகவும் கிறித்தவராகவும் இருக்க, முஸ்லிமின் வழிவந்தவர் காஸ்தீலியப் பெயருக்குள் மறைந்து நின்றார். பெயரை மட்டும் கொண்டு வம்சம் கூறுவோர், தாம் தேடும் மக்களையே தவறவிடுகின்றனர். மெதினா எனும் பெயருடையோருள் முஸ்லிம் வழியினர் இருக்கலாம். அதனை ஞானஸ்நானப் பதிவேடும் விசாரணை மன்ற ஆவணமுமே காட்ட வேண்டும். உரிய தந்தையர் பெயராலேயே ஒருவரை அழைக்குமாறு பணிக்கும் மார்க்கம் நமது. வம்சத்தில் யூகத்தைக் கலப்பது, பெயர் பறிக்கப்பட்ட அம்மக்களுக்கு நாம் இழைக்கும் இரண்டாம் அநீதியாகும்.