கூரைக் குறி

கம்ப்யூட்டர் மொழிகளுக்கும் ரிலீஸ் தேதி, எதிர்பார்ப்பு, 'முந்தின படம் மாதிரி இல்லையே' என்ற அங்கலாய்ப்பு எல்லாம் உண்டு. ப்ரோக்ராம் எழுதாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம், சமாளித்துவிடலாம்.

பைத்தான் மொழி எழுதச் சுலபம், ஓடுவதில் மந்தம். அதன் கர்த்தா கீடோ வான் ராஸம் ஓய்வு போரடித்து 2020-ல் மைக்ரோசாஃப்ட்டில் சேர்ந்தார். அங்கே ஒரு குழு, நாலு கட்டங்களில் ஐந்து மடங்கு வேகம் என்று கிளம்பியது. 2022 அக்டோபரில் வந்த 3.11-ல் கிடைத்தது, முந்தைய 3.10-ஐவிட சராசரியாக 1.25 மடங்கு.

எப்படி? இரண்டைக் கூட்டச் சொன்னால் பழைய பைத்தான் ஒவ்வொரு தடவையும் 'நீங்க எண்ணா, எழுத்தா?' என்று முழு விசாரணை நடத்தும். லட்சம் தடவை கூட்டினால் லட்சம் விசாரணை. 3.11 சில தடவை கவனித்துவிட்டு, 'இங்கே எண்தான் வரும்' என்று குறுக்குவழிக்கு மாறிக்கொள்கிறது. தெரிந்த முகத்தைப் பார்த்ததும் சர்க்கரை கம்மியாகப் போடும் டீக்கடை மாஸ்டர் போல. வேறு முகம் வந்தால் பழையபடி விசாரிக்கும்.

நல்ல யோசனைதான். ஆனால் பெரிய கணக்குகளை நம்பை போன்ற, சி மொழியில் எழுதிய லைப்ரரிகளிடம் ஏற்கெனவே ஒப்படைத்தவர்களுக்கு இதில் அதிக லாபமில்லை. ஐந்து மடங்கு இன்னும் வரவில்லை. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அந்தக் குழுவில் சிலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

என்னைக் கேட்டால் 3.11-ன் உண்மையான சாதனை வேகமே இல்லை, '^' என்கிற சின்னக் கூரைக் குறி. ஒரே வரியில் நாலு வகுத்தல்கள் இருக்கின்றன, ஒன்றில் கீழே பூஜ்யம் வந்துவிட்டது என்று வையுங்கள். பழைய பைத்தான் '47-ம் வரியில் பூஜ்யத்தால் வகுத்தாய்' என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளும். எந்த வகுத்தல்? நீங்களே தேடுங்கள் சார். ஒரு வட்டிக் கணக்கில் அப்படி அரை நாள் தொலைத்திருக்கிறேன். 3.11 அந்த வரியை அப்படியே அச்சிட்டு, தப்பு செய்த வகுத்தலின் கீழே மட்டும் கூரை போட்டுக் காட்டுகிறது. அந்த அரை நாளை எந்த வேகப் பரிசோதனையிலும் அளக்கமாட்டார்கள்.

இதற்காகக் கொஞ்சம் கூடுதல் மெமரி செலவாகிறது. வேண்டாம் என்றால் அணைத்துவைக்கவும் வழி கொடுத்திருக்கிறார்கள். யார் அணைப்பார்கள் என்றுதான் புரியவில்லை.